எடை குறைக்கும் பைபாஸ்: எது யாருக்கு?

மூலனூர், தாராபுரம் பக்கம் கல்யாணப் பந்தியில்கூட இப்போது இந்தப் பேச்சு அடிபடுகிறது: “கோயமுத்தூரு போயி வயித்துல ஆபரேசன் பண்ணிட்டு வந்தாங்க, முப்பது கிலோ கொறஞ்சுருச்சு.” என்ன ஆபரேசன் என்று கேட்டால் ‘பைபாஸ்’ என்பதோடு பதில் நின்றுவிடும். இதயத்துக்குச் செய்வதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்த வயிற்று பைபாஸிலேயே சில வகைகள் உண்டு. எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் பிற்பாடு சாப்பாடும் மாத்திரையும் அமையும்.

சாப்பிட்டது இரைப்பைக்குப் போகிறது. அங்கிருந்து முன்சிறுகுடலுக்கு. பித்தநீரும் கணைய நீரும் அங்கேதான் வந்து கலக்கின்றன. பிறகு ஏறக்குறைய ஆறு மீட்டர் சிறுகுடல். பைபாஸ் செய்வது வாய்க்காலில் மடை மாற்றுகிற வேலை: இரைப்பையின் மேல்பக்கத்தில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதைக் குடலின் கீழ்ப்பகுதியோடு தைத்துவிடுகிறார்கள். மீதி இரைப்பையை வெளியே எடுப்பதில்லை. உணவு வராவிட்டாலும் அது உள்ளேயே இருந்து சுரந்துகொண்டிருக்கும். ‘ஸ்லீவ்’ என்கிற ஆபரேசனில் இரைப்பையில் ஏறத்தாழ 80 சதவீதத்தை வெட்டி எடுத்தே விடுகிறார்கள், குடலைத் தொடுவதில்லை. அதையும் பைபாஸ் என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. தவறு.

எடை குறைக்கும் பைபாஸை முதலில் செய்தவர்கள் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் மேசனும் சிக்காஷி இட்டோவும்; ஆண்டு 1966. அல்சருக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்களுக்கு உடம்பு பிடிப்பதில்லை என்பதிலிருந்து பிறந்த யோசனை அது. குடலை ஒரு வளையமாக மேலே இழுத்து இரைப்பைப் பையில் தைத்தார்கள். எடை குறைந்தது, ஆனால் பித்தநீர் பைக்குள் ஏறி நெஞ்சைக் கரித்தது. 1977-இல் வார்டு கிரிஃபன் வேறு வழி காட்டினார். குடலை நடுவில் வெட்டி, கீழ்த்துண்டைப் பையோடும், பித்தநீர் வரும் மேல்துண்டை இன்னும் கீழேயும் தைப்பது. ஆங்கில ‘ஒய்’ எழுத்தைப் போன்ற இந்தத் தையல், சுவிட்சர்லாந்து மருத்துவர் செசார் ரூ 19-ஆம் நூற்றாண்டிலேயே வேறு நோய்களுக்குக் கையாண்டது. இதுதான் ‘ரூ-என்-ஒய்’. பை சுமார் 30 மில்லிதான், இரண்டு தையல்கள். நெஞ்செரிச்சல் தொல்லை உள்ளவர்களுக்கு இன்றும் இதைத்தான் பரிந்துரைக்கிறார்கள்.

1997-இல் ராபர்ட் ரட்லெட்ஜ் பழைய வளைய முறைக்கே திரும்பினார், ஒரு மாற்றத்தோடு: பையை நீண்ட ஒடுங்கிய குழாயாக ஆக்கி, பித்தநீர் மேலே ஏறாதபடி தையலைக் கீழே தள்ளினார். ‘மினி பைபாஸ்’ இதுதான். ஒரே தையல், நேரமும் குறைவு. இந்திய மருத்துவர்கள் பலர் இதை விரும்புகிறார்கள். பெயரைப் பார்த்துச் சின்ன ஆபரேசன் என்று நினைத்துவிடக் கூடாது. பிரான்சில் 253 பேரிடம் மினியையும் ரூ-என்-ஒய்யையும் ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. இரண்டு ஆண்டுகளில் எடைக்குறைப்பில் மினி பின்தங்கவில்லை. ஆனால் வயிற்றுப்போக்கும் சத்துக்குறைவும் மினி செய்தவர்களிடமே அதிகம்.

மூன்றாவது, குடலின் பெரும்பகுதியை விலக்கிவிடும் ‘டியோடினல் ஸ்விட்ச்’. எடை அதிகம் குறையும். புரதக் குறைபாடும் அதே அளவுக்குத் துரத்தும். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் இதற்குத் தலையாட்டுமுன் நிறைய யோசிக்க வேண்டும்.

சுகர்க்காரர்கள் பைபாஸைத் தேடுவதற்குக் காரணம் வேறு. எடை இறங்குமுன்பே பலருக்குச் சர்க்கரை இறங்கிவிடுகிறது. உணவு கீழ்க்குடலை விரைவாகத் தொடும்போது, இன்சுலினைத் தூண்டும் ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரக்கின்றன. எல்லோருக்கும் அல்ல, சுகர் வந்து வெகுகாலம் ஆனவர்களுக்குப் பலன் குறைவு.

யாருக்குச் செய்யலாம்? உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. 35-ஐத் தாண்டினால் யாருக்கும் பரிந்துரைக்கலாம் என்கிறது 2022-இன் சர்வதேச வழிகாட்டுதல். ஆசியர்களுக்கு அந்த எல்லை இன்னும் கீழே, 27.5. 160 செ.மீ. உயரமுள்ளவர் 90 கிலோ இருந்தால் அவரது பி.எம்.ஐ. 35.

இனி, விளம்பரங்களில் சின்ன எழுத்தில் வரும் பகுதி. இரும்புச்சத்து பெரும்பாலும் உறிஞ்சப்படுவது முன்சிறுகுடலில்தான். பைபாஸில் உணவு அந்த வழியாகவே போவதில்லை. மூலனூர் முருங்கைக்குப் பேர் போன ஊர்; கீரையைத் தின்றே சரிக்கட்டிவிடலாம் என்று ஒருவர் நம்பினால் ரத்தசோகையில்தான் முடியும். இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுளுக்கும் மாத்திரையாகவோ ஊசியாகவோ வேண்டும். முருங்கைக்காயைச் சக்கையோடு விழுங்கினால் நார் சிறு பையின் வாயில் சிக்கி அடைக்கும். கருப்பட்டிக் காபியையோ ஜிலேபியையோ அவசரமாக உள்ளே தள்ளினால் படபடப்பும் வியர்வையும் வந்து படுக்கவேண்டியதாகிவிடும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் தானாக வாங்கிப் போடும் வலிமாத்திரை தையலில் புண்ணாக்கும். பீடி, சிகரெட்டும் அப்படியே. பெண்கள் ஓர் ஆண்டுக்கு மேல் கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவது நல்லது.

2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் எடைக் குறைப்பு அறுவைக்குப் போன இளைஞர் ஒருவர் இறந்தார். அரசு விசாரணைக்குப் பின் அந்தத் தனியார் மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. எனவே கட்டணத்தைக் கேட்குமுன் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, இந்த ஆபரேசனை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். எனக்கு ஏன் மினி, ஏன் ரூ-என்-ஒய் என்பதற்குக் காரணம் கேளுங்கள். ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனைக்குக் கோவை வரை போய்வர முடியாது, மாத்திரை தொடர்ந்து வாங்க முடியாது என்றால், இதில் எந்த வகையும் வேண்டாம்.