விலா எலும்பை எடுக்கச் சொன்னால் நரம்பைப் பற்றிக் கேளுங்கள்

மருத்துவ உதவி மனுவோடு வரும் செலவுத் தாளில் நாம் தொகையைத்தான் முதலில் பார்க்கிறோம். சென்ற மாதம் ஒரு தாயார் தம் மகனுக்காகக் கொண்டு வந்த தாளில் 'முதல் விலா எலும்பு நீக்கம்' என்றிருந்தது. "நரம்புல படலாம்னு டாக்டர் சொன்னாங்க. ரத்தம்தானே, நிறுத்திருவாங்க" என்றார்.

நம் பேச்சில் ஊசி போடும் ரத்தக்குழாயும் நரம்புதான். உணர்வையும் அசைவையும் கொண்டு செல்வதும் நரம்புதான். டாக்டர் சொன்னது இரண்டாவதை.

காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே உள்ள குறுகிய இடைவெளி வழியாகத்தான் கைக்குப் போகும் நரம்புக் கற்றையும் ரத்தக்குழாய்களும் செல்கின்றன. அங்கே நெருக்கம் ஏற்பட்டால் கை மரத்துப்போகும், வலிக்கும், பிடி தளரும். சிலருக்குக் கழுத்தில் பிறவியிலேயே ஒரு விலா எலும்பு கூடுதலாக இருப்பதும் காரணமாகலாம். நரம்பு மட்டும் நெருக்கப்பட்டிருந்தால் முதலில் சில மாதங்கள் பிசியோதெரபிதான். அதில் குணமாகாதவர்களுக்கே பெரும்பாலும் அறுவை சிகிச்சை.

நரம்பை விடுவிக்கச் செய்யும் அந்தச் சிகிச்சையிலேயே பக்கத்து நரம்புகள் இழுபடலாம், அறுபடலாம். அக்குள் வழியாகச் செய்யும்போது மேற்கையின் உட்புறம் மரத்துப்போவது அதிகம் காணப்படுவது, அதோடு வாழ்ந்துவிடலாம். தோள்பட்டையைப் பிடித்து நிறுத்தும் நரம்பு கெட்டால் முதுகில் பட்டை எலும்பு புடைத்து நிற்கும், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. உதரவிதானத்தின் நரம்பு கெட்டால் மூச்சு வாங்கும். அரிதாக ஒரு கண்ணிமை தொங்கிப்போகும். கைக்குரிய கற்றையே காயப்பட்டால்தான் பெரிய இழப்பு. இழுபட்ட நரம்பு பெரும்பாலும் மெல்லத் தேறும். ஆனால் அறுந்த நரம்பைத் தைத்தாலும் நாளுக்குச் சுமார் 1 மி.மீ. தான் வளரும். தோளிலிருந்து விரல் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்!

கட்டிக்காகவோ, குருத்தெலும்பு எடுப்பதற்காகவோ மற்ற விலா எலும்புகளைத் தொட்டாலும், ஒவ்வொன்றின் கீழ் விளிம்பிலும் ஒரு நரம்பு ஓடுகிறது. அது பாதிக்கப்பட்டால் மார்பில் எரிச்சலும் மரப்பும் மாதக்கணக்கில் நீடிக்கலாம்.

தையல், ஓட்டுநர் வேலை என்று கையை நம்பிப் பிழைப்பவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிசியோதெரபி போதுமான காலம் செய்தாயிற்றா, எந்த வழியாக எலும்பை எடுப்பார்கள், இதை அவர் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபிக்கமாட்டார். ஒப்புதல் படிவத்தை வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவர் முழுதும் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். சிகிச்சைக்குப் பின் புதிதாகக் கை தளர்ந்தாலோ மூச்சு வாங்கினாலோ, மறுபரிசோதனைத் தேதி வரை காத்திராமல் அன்றே சொல்லிவிடுங்கள்.