மேடையில் மாலை, பின்னால் திண்டாட்டம்!

ஆம்பூர்–

மேடையில் பேசுகிறவருக்கு மாலை விழும். அவரைப் பிடித்து வந்து உட்கார வைத்தவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை!

கருத்தரங்கு அமைப்பாளர் என்று அவருக்குப் பெயர். நாற்காலி போடுவது அவர் வேலை அல்ல. என்ன பேசுவது, யார் பேசுவது என்று முடிவு செய்வதுதான் வேலை. சின்ன கம்பெனி என்றால் டிக்கெட் விற்பதும் அவர் தலையில்!

சென்னையில் 2017 பிப்ரவரியில் உலகத் தோல் விஞ்ஞானிகள் மாநாடு நடந்தது. 1948-ல் தொடங்கிய அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் முன்நின்றது. அங்கே ஆள் பலம் உண்டு. சின்ன கம்பெனிக்கு ஒரு போன், ஒரு நோட்டு. அவ்வளவுதான்!

மாதக்கணக்கில் போன். ராணிப்பேட்டை, வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலாளிகளிடம் "உங்களுக்கு என்ன தலைவலி?" என்று கேட்க வேண்டும். அந்தத் தலைவலியே கருத்தரங்கின் தலைப்பு. "கட்டாயம் வர்றேன்" என்ற பேச்சாளர் முதல் நாள் ராத்திரி "முடியாதுப்பா" என்பார். அச்சடித்த அழைப்பிதழ் பல்லிளிக்கும்!

இந்த வட்டாரத்தில் கழிவுநீர் பற்றிப் பேசாமல் தோல் கருத்தரங்கு இல்லை. 1996 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்குத் தலா ரூ.10 ஆயிரம் அபராதம் விதித்தது. வழக்குப் போட்டது வேலூர் குடிமக்கள் நல மன்றம். பாலாறு கெட்டதாக முறையிட்டவர்கள் பொதுமக்கள்.

ஆனால் டிக்கெட் வாங்குவது முதலாளி. பாலாற்றங்கரை விவசாயியை மேடை ஏற்றினால் முதலாளி வருவாரா? ஏற்றாவிட்டால் அது என்ன கருத்தரங்கு?

யாருக்கு மைக், யாருக்கு வெளிவாசல் என்பது அந்த நோட்டில்தான் இருக்கிறது!