செவியைக் காக்கும் இயர்போனைத் தெரிந்தெடுப்பது எப்படி?



கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் ஏறக்குறைய நடுவில், மலைக் கணவாயின் வாசலில் அமைந்திருக்கிறது வாளையார். தமிழகமும் கேரளமும் சந்திக்கும் எல்லை இது. ஒருபுறம் 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இரவும் பகலும் ஓயாத லாரிகள். மறுபுறம் காட்டை ஊடறுத்துச் செல்லும் ரயில் பாதை. அருகில் மலபார் சிமெண்ட்ஸ் ஆலை. சற்றுத் தள்ளிக் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை. பிழைப்பைத் தேடி ஊரையும் உறவையும் விட்டு இப்பகுதிகளிலும் கோவை மாநகரிலும் வந்து தங்கியிருக்கும் நம் குடும்பங்கள் அநேகம். அவர்களை ஊரோடு இணைத்து வைத்திருப்பது மொபைல் போன். அந்தப் போனின் சத்தத்தை அவர்கள் செவிக்குள் கொண்டுசேர்ப்பது இயர்போன்.

ரயிலில் வேலைக்குச் செல்லும் வாலிபர் பாட்டுக் கேட்கிறார். இரவு ஷிப்டு முடிந்தவர் ஊரிலிருக்கும் தாயோடு பேசுகிறார். பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள். பெரியவர்கள் செய்தி கேட்கிறார்கள். ஆனாலும் போனை வாங்க ஒரு மாதம் யோசிக்கிற நாம், செவிக்குள்ளே செருகுகிற கருவியைப் பேருந்து நிலையத்து நடைபாதையில் ஒரு நிமிடத்தில் வாங்கிவிடுகிறோம். போன் கெட்டால் வேறு போன் வாங்கலாம். செவி கெட்டால் எந்தக் கடையில் வாங்குவது?

செவிக்குள் நடப்பது என்ன?

உட்செவியில் நத்தைக் கூட்டைப் போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதனுள் ஏறக்குறைய 15,000 நுண்மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒலியின் அசைவை நரம்புக்கு உணர்த்துகிறவை இவையே. மிகுந்த சத்தம் நீண்ட நேரம் தாக்கினால் இவை சோர்ந்து, பின்பு மடிந்துபோகின்றன. மனிதருக்கு இச்செல்கள் மறுபடியும் முளைப்பதில்லை.

சத்தத்தால் வரும் செவிக்குறை முதலில் மெல்லிய, உயர்ந்த ஒலிகளைத்தான் தின்கிறது. ச, ஸ, ஷ, ஃப போன்ற ஒலிகள் மங்குகின்றன. ஆகவே அப்படிப்பட்டவர், "பேசுவது கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை" என்பார். வீட்டார் சலித்துக்கொள்வார்கள், அவரோ கூட்டத்தில் பேசாமல் ஒதுங்குவார். காலப்போக்கில் இது குடும்பத்தின் துக்கமாகிவிடுகிறது.

உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் வகுத்துள்ள அளவு இது: பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் அளவில் கேட்கலாம், பிள்ளைகளுக்கு 75 டெசிபெல். சத்தம் 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் கேட்கத்தக்க நேரம் பாதியாகிறது. 83 டெசிபெலில் வாரத்துக்கு 20 மணி நேரம். 90 டெசிபெலில் 4 மணி நேரம். 100 டெசிபெலில் சுமார் 20 நிமிடமே. அநேக போன்கள் முழுச் சத்தத்தில் இந்த 100 டெசிபெலைத் தொட்டுவிடும். உலகில் 100 கோடிக்கும் அதிகமான இளைஞர் இவ்விதமாய்ச் செவியை இழக்கும் ஆபத்தில் இருக்கிறார்கள் என அந்நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

நல்ல இயர்போனின் முதல் அடையாளம்

"நல்ல இயர்போன் எது?" என்று கேட்டால், "நன்றாக அதிருவது" என்று வாலிபர் பலர் பதில் சொல்லுவார்கள். அது சரியான அளவுகோல் அல்ல. குறைந்த சத்தத்திலேயே தெளிவாகக் கேட்கச் செய்வதே நல்ல இயர்போன்.

ஏனெனில், நாம் சத்தத்தைக் கூட்டுவது பெரும்பாலும் ஆசையினால் அல்ல, சுற்றிலுமுள்ள இரைச்சலை மேற்கொள்வதற்காகவே. ஓடும் ரயிலுக்குள்ளும் பேருந்துக்குள்ளும் இரைச்சல் 80 டெசிபெலை எட்டுவதுண்டு. அதற்கும் மேலே பாட்டு ஒலிக்க வேண்டுமானால் போன் 90-ஐத் தாண்டியாக வேண்டும். வெளி இரைச்சலைக் காதுக்கு வெளியே நிறுத்திவிட்டால், உள்ளே மெல்லிய சத்தமே போதுமானதாகும்.

இதற்கு விலையைவிட முக்கியமானது பொருத்தம். காதுக்குழிக்குள் செல்லும் இயர்போன்களோடு சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவுகளில் சிலிகான் மொட்டுகள் தருவார்கள். பலர் பெட்டியிலிருந்து வந்தபடியே மாட்டிக்கொண்டு, மற்றவற்றை எறிந்துவிடுகிறார்கள். மூன்றையும் போட்டுப் பாருங்கள். இரு காதுகளுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதும் இல்லை. சரியாகப் பொருந்தினால் வெளிச்சத்தம் சட்டென்று தாழும். தாழ்ந்த சுருதிகள் நிறைவாகக் கேட்கும். தலையை அசைத்தாலும் கழன்று விழாது. "பேஸ் இல்லை" என்று குறை சொல்லப்படும் இயர்போன்களில் பலவற்றுக்கு உண்மையான குறை மொட்டின் அளவில்தான் இருக்கிறது.

இரைச்சலை மின்னணு முறையில் குறைக்கும் ஹெட்போன்களும் உண்டு. இவை வெளிச்சத்தத்தை மைக்கால் கேட்டு, அதற்கு எதிரான அலையை உண்டாக்கி அதை அமர்த்துகின்றன. எஞ்சினின் சீரான உறுமலுக்கு இவை மிகவும் பயன்படும். திடீர்க் கூச்சலுக்கும் பேச்சுக்கும் அவ்வளவாகப் பயன்படா. நாள்தோறும் இரண்டு மணி நேரம் ரயிலில் செல்பவருக்கு இது தகுந்த செலவு. வீட்டிலிருந்து கேட்பவருக்கு அவசியமில்லை.

ஒயரா, ப்ளூடூத்தா?

ஒயர் உள்ளதற்குச் சார்ஜ் வேண்டாம், தொலைவதும் குறைவு, 500 முதல் 1,000 ரூபாய்க்குள் பெயர்பெற்ற கம்பெனிகளின் தரமான இயர்போனே கிடைக்கும். அதே விலையில் வரும் ப்ளூடூத் கருவியில் பேட்டரிக்கும் சில்லுக்கும் செலவு போய்விடுவதால், ஒலிக்கு மிஞ்சுவது கொஞ்சமே. குறைந்த வருமானமுள்ளவர் ஒயர் இயர்போன் வாங்குவதே ஞானமான காரியம்.

ஒயரில் வாங்குகிறவர் முதலில் தம் போனின் துளையைப் பார்க்க வேண்டும். 3.5 மில்லிமீட்டர் வட்டத் துளை இப்போது பல போன்களில் இல்லை. டைப்-சி துளை மட்டுமே உள்ளது. டைப்-சி இயர்போன்கள் எல்லாம் எல்லாப் போன்களிலும் வேலை செய்யும் என்று எண்ணிவிடாதீர்கள். கடையிலேயே மாட்டிப் பாருங்கள். வட்டப் பின்னில் மூன்று வளையக் கோடுகள் இருந்தால் மைக் உண்டு. இரண்டே இருந்தால் கேட்க மட்டுமே உதவும்.

ப்ளூடூத் கருவி, கை வேலையில் இருப்பவருக்கும் ஒயர் சிக்கும் என அஞ்சுபவருக்கும் வசதியானது. ஆகிலும் அதன் பேட்டரி மிகச் சிறியது. சில ஆண்டுகளில் சோர்ந்துபோகும். பெரும்பாலும் மாற்ற முடியாது. பங்குனி, சித்திரையில் பாலக்காட்டில் வெயில் 40 பாகையைத் தொடும் நாட்கள் உண்டு. அப்போது அடைத்து நிறுத்திய வண்டிக்குள் இவற்றைப் போட்டுவைப்பது பேட்டரியைக் கொல்வதாகும்.

பெட்டியின் மேல் எதை வாசிப்பது?

"20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்" என்று எல்லாப் பெட்டிகளிலும் அச்சிட்டிருப்பார்கள். மனிதச் செவி கேட்கும் எல்லை அது. தரத்தைக் காட்டும் எண் அல்ல. மின்தடை 16 முதல் 32 ஓம்ஸ் வரை இருந்தால் போனுக்குப் பொருந்தும். ஸ்டூடியோக்களுக்கான 250 ஓம்ஸ் ஹெட்போனை இரவல் வாங்கிப் போனில் மாட்டினால் சத்தம் மெலிந்தே வரும். வேலையில் வியர்ப்பவர் "ஐபிஎக்ஸ்4" அல்லது அதற்கு மேற்பட்ட குறியீட்டைப் பார்த்து வாங்கலாம். தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதே இதன் பொருள், மூழ்கினால் தாங்கும் என்பதல்ல.

ஒயர் இல்லாத இயர்போன்களும் ஹெட்போன்களும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவின் கீழ் வருகின்றன. அதன் முத்திரையும், "ஆர்" என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் எண்ணும் பெட்டியிலோ கருவியிலோ இருக்க வேண்டும். "பி.ஐ.எஸ். கேர்" என்னும் செயலியில் அந்த எண்ணைப் போட்டு உண்மையா என்று பார்க்கலாம். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரி, அதிகபட்ச விலை, மாதமும் ஆண்டும் அச்சிட்டிராத பெட்டி சந்தேகத்துக்குரியது. பெரிய கம்பெனியின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பதும், கால் விலைக்குக் கிடைப்பதும் போலியின் அடையாளங்கள். பில் இல்லாமல் வாரண்டி இல்லை. கடைக்காரர் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குத் தெரிவிக்கலாம்.

கடையில் சோதிக்கும் முறை

1. உங்கள் சொந்தப் போனிலேயே சோதியுங்கள். நன்கு பழகிய ஒரு பேச்சையும் ஒரு பாட்டையும் அதில் வைத்திருங்கள்.

2. சத்தத்தைப் பாதிக்கும் கீழே வையுங்கள். அந்த அளவில் ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறதா, "ஸ" காதைக் கீறாமல் வருகிறதா என்று கவனியுங்கள். முழுச் சத்தத்தில் எல்லாம் நன்றாகவே தோன்றும், அது சோதனையல்ல.

3. கடைக்கு வெளியே வந்து, உங்கள் குரலைப் பதிவு செய்து கேளுங்கள். பாலக்காட்டுக் கணவாயின் காற்று பெயர்பெற்றது. ஆனி, ஆடியில் வாளையாரில் நின்று போன் பேசினால் எதிர்முனையில் இருப்பவருக்குக் காற்றின் இரைச்சலே கேட்கும். வாய்க்கு அருகே மைக் தொங்கும் ஒயர் இயர்போன் பெரும்பாலும் இதற்கு நன்று. கையால் மறைத்தும் கொள்ளலாம்.

4. பத்து நிமிடமாவது மாட்டியிருங்கள். வலித்தால், எவ்வளவு பெயர்பெற்றதானாலும் அது உங்களுக்குரியதல்ல.

தண்டவாளத்தில் திறந்த செவி

இதுவரை, இரைச்சலை அடைக்கும் இயர்போனைப் புகழ்ந்தோம். ஆனால் அதே நன்மை மரணத்துக்கு ஏதுவாகும் இடங்களும் உண்டு.

வாளையாருக்கும் எட்டிமடைக்கும் இடையே ரயில் பாதை காட்டுக்குள் இரண்டு தடங்களாய்ப் பிரிந்து செல்கிறது. யானைகள் கடக்கும் வழி அது. 2021 நவம்பர் 26 இரவு, நவக்கரை அருகே மங்களூரு–சென்னை ரயில் மோதி மூன்று யானைகள் மாண்டன. அதன்பின் 2024 பிப்ரவரியில், தமிழக வனத்துறை மதுக்கரைப் பகுதியில் கோபுரங்களும் கேமராக்களும் நிறுவி, யானை தண்டவாளத்தை நெருங்கும்போதே எச்சரிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. செலவு 7.24 கோடி ரூபாய். வாயில்லாப் பிராணிகளைக் காக்க இவ்வளவு முயற்சி நடக்கும் பாதையில், மனிதர் தம் இரு காதுகளையும் தாமே அடைத்துக்கொண்டு நடப்பது எவ்வளவு பரிதாபம்!

அமெரிக்காவில் 2004 முதல் 2011 வரை, ஹெட்போன் அணிந்து நடந்துசென்றவர்களுக்கு நேரிட்ட 116 விபத்துகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் 81 பேர் மாண்டார்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில் மோதியது ரயிலே. ஏறக்குறைய பத்தில் மூன்றில், மோதுமுன் ஹாரன் ஒலித்ததாகச் செய்தி இருக்கிறது. எச்சரிப்பு கொடுக்கப்பட்டது, செவியோ அடைபட்டிருந்தது.

தண்டவாளத்தில் நடப்பதே 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கத்தக்க குற்றம். குறுக்கு வழி என்று இறங்கவே வேண்டாம். சாலையைக் கடக்கும்போதும், இருசக்கர வண்டியிலும், லாரி ஓட்டும்போதும் இரு காதுகளையும் கழற்றிவிடுங்கள். ஆலைக்குள் காதுக்கவசம் அணிய வேண்டிய இடத்தில் இயர்போன் அதற்கு மாற்றாகாது. வெளியுலகத்தின் சத்தத்தை உள்ளே விடும் ஏற்பாடு சில ப்ளூடூத் கருவிகளில் உண்டு. காதை மூடாமல் எலும்பின் வழியே ஒலியைக் கடத்தும் வகையும் உண்டு. நடைபாதையில் இவை நல்லவை. ஆயினும் இவற்றாலும் கவனம் சிதறும்.

வீட்டார் செய்ய வேண்டியவை

போனின் அமைப்புகளில் உச்சச் சத்தத்துக்கு வரம்பு வைக்க முடியுமானால் வைத்துவிடுங்கள். 60 சதவீதத்துக்கு மேலே போகாதிருங்கள். பிள்ளைகளுக்குச் சத்த வரம்புள்ள, காதின் மேல் அமரும் ஹெட்போன் நல்லது. மணிக்கொருமுறை கழற்றி, செவிக்கு ஓய்வு கொடுங்கள். ஒருவர் காதில் வைத்ததை மற்றவர் வாங்கி வைக்காதிருங்கள். மொட்டுகளை வாரந்தோறும் கழற்றிச் சோப்பு நீரில் கழுவி, நன்றாய் உலர்த்துங்கள். மழைக்கால ஈரத்தில் காதுப் புண் எளிதில் வரும்.

காதில் ரீங்காரம் நிற்காதிருந்தாலும், பஞ்சடைத்ததுபோல இருந்தாலும், டிவியின் சத்தத்தை நாளுக்குநாள் கூட்டினாலும், கூப்பிட்டால் "என்ன?" என்று பலமுறை கேட்டாலும், தாமதிக்காமல் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள்.

பிரியமான வாசகர்களே, ஊரிலிருக்கும் தாயின் தழுதழுத்த குரலும், மழலையின் முதல் சொல்லும், ஜெபவேளையில் வீட்டார் சேர்ந்து பாடும் பாட்டும் செவி வழியாகவே நம்மை வந்தடைகின்றன. முதிர்வயதிலும் அவற்றைத் தெளிவாய்க் கேட்க வேண்டுமானால், இன்றைக்கே சத்தத்தைக் குறையுங்கள். அடுத்த இயர்போனை வாங்கும்போது, "எவ்வளவு உரக்கக் கேட்கும்?" என்று கேளாமல், "எவ்வளவு மெல்ல வைத்தாலும் விளங்கும்?" என்று கேட்டு வாங்குங்கள்.