பழி: சொல்லும் சுமையும்

சொல்லின் பொருள் வெளிப்படையாகவும் குறிப்பாகவும் தோன்றும் எனத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வகுத்துள்ளார். அகராதி தருவது நேர்பொருள். வழக்கினால் சொல்லோடு ஒட்டி வருவது குறிப்புப்பொருள். கெட்ட பெயரைச் சுட்டும் 'பழி' என்னும் சொல்லைக் கொண்டு இவ்வேறுபாட்டை அறிவோம்.

நெருங்கிய சொற்கள்

வசை, அலர், குற்றம் ஆகியன பழிக்கு நெருங்கிய சொற்கள். வசை என்பது இசைக்கு, அதாவது புகழுக்கு, மறுதலை. புகழ் பெறாமையே வசை என்பது வள்ளுவர் கருத்து. அலர் என்பதன் நேர்பொருள் மலர்தல். காதலரைப் பற்றிச் சிலர் முணுமுணுப்பது அம்பல். அது பலரறியப் பரவினால் அலர். அலரால் காதல் வளர்வதும் உண்டு. ஆதலின் அச்சொல்லில் கசப்புக் குறைவு.

குற்றம் என்பதற்குக் குறை என்பதும் பொருள். தென்காசியில் 15ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் கோயிலுக்குக் குற்றம் நேர்ந்தால் அதனை நீக்கிக் காப்போரைப் பணிவதாகக் கல்வெட்டுப் பாடலில் கூறுகிறான். இங்குக் குற்றம் என்பது கோயிலுக்கு நேரும் பழுது. அக்கோயிலில் சிதைந்து கிடந்த இராசகோபுரம் மீண்டும் எழுப்பப்பட்டு 1990இல் குடமுழுக்குக் கண்டது. குற்றம் திருத்தக்கூடியது என்பதற்கு அக்கோபுரமே சான்று.

பழியின் இயல்பு

பழி என்பதற்கு நிந்தை, பாவம் முதலிய பொருள்கள் உண்டு. பழி சுமத்துதல், பழி ஏற்றல், பழி துடைத்தல் ஆகிய தொடர்களை நோக்குக. அவை பழியைச் சுமையாகவும் கறையாகவும் காட்டுகின்றன. 'குற்றம் செய்தான்' என்கிறோம். 'பழி செய்தான்' என இன்று சொல்வதில்லை. குற்றம் செய்பவரிடம் பிறக்கிறது. பழி சொல்பவரிடம் பிறக்கிறது. எனவே, குற்றமின்றியும் பழி வரலாம். ஆயினும் ஒருவர் பழிக்கு ஆளானார் என்றவுடன், அவர் தவறு செய்திருப்பார் என்னும் எண்ணம் கேட்போர் மனத்தில் எழுகிறது. 'வீண்பழி' என அடைமொழி சேர்த்தே அவ்வெண்ணத்தை விலக்க வேண்டியுள்ளது.

இரு சிலம்புகள்

பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியன் நெடுஞ்செழியன், கோவலனை ஆராயாது கொலைக்களப்படுத்தினான். கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. பழி நீங்கிற்று, உயிர் மீளவில்லை.

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியிலும் ஒரு சிலம்பு ஐயத்தை எழுப்புகிறது. பல நாள் பிரிந்திருந்த சிங்கியைக் கண்ட சிங்கன், சொல்லாமல் எங்கே சென்றாய் என வினவுகிறான். அவள் காலில் கிடக்கும் அணிகளைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்கிறான். குறிசொல்லச் சென்றதாகக் கூறும் சிங்கி, சிலம்பு சேலத்து நாட்டில் பெற்றது என்கிறாள். பிற அணிகள் வந்த வழியையும் விளக்குகிறாள். சிங்கன் கேட்டான், சிங்கி மறுமொழி கூற இடமிருந்தது. அவ்விடம் கோவலனுக்குக் கிடைக்கவில்லை. ஐயம் வினாவாக நிற்கும்வரை தீங்கில்லை. விடை கேளாமல் முடிவாகும்போது அது பழியாகிறது. ஆதலின், ஒருவர்மீது கூறப்படும் சொல்லைப் பிறரிடம் சொல்லும் முன் உரியவரிடம் கேட்டறிதல் நம் கடமையாகும்.

கற்பவை கற்றபின்

1. வீண்பழி, பழிச்சொல், பழிவாங்குதல்: இவற்றின் பொருள் வேறுபாட்டைத் தொடரில் அமைத்துக் காட்டுக.
2. உங்கள் ஊர் வழக்கில் கெட்ட பெயரைக் குறிக்கும் சொற்களைத் தொகுத்து, அவற்றின் குறிப்புப்பொருளை எழுதுக.