யாருக்காக யார் நகர்வது?

கடந்த பருவத்தின் இறுதியில் எங்கள் விடுதி சாஃப்ட்பால் குழுவின் பயிற்றுநர் என்னைத் தனியே அழைத்து, "நீ மூன்றாம் தளத்துக்குப் போக முடியுமா?" என்று கேட்டார். மலாயில் ஒரே வரிதான். எட்டு ஆண்டுகளாக நான் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் இடத்தை, சபாவிலிருந்து வந்திருக்கும் முதலாமாண்டு மாணவி ஒருத்திக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே அதன் பொருள். குழுத் தலைவி என்பதால் முடிவையும் என்னிடமே விட்டுவிட்டார். அதற்கு மறுப்பே சொல்லியிருக்கலாம், அது இதைவிட எளிது.

தமிழ்ப்பள்ளியில் படித்தவரை எனக்குத் தெரிந்தது வலைப்பந்துதான். இடைநிலைப்பள்ளியில் புறப்பாட நடவடிக்கைக்குப் பெயர் கொடுக்கப் போனபோது வலைப்பந்துக் குழு நிரம்பிவிட்டிருந்தது. மிச்சமிருந்தது சாஃப்ட்பால். வகுப்பில் மலாய் பேசவே தயங்கிய நான், திடலில் மட்டும் "என் பந்து!" என்று தொண்டை கிழியக் கத்தக் கற்றுக்கொண்டேன். ஷார்ட்ஸ்டாப்பில் நிற்பவள் கத்தித்தான் ஆகவேண்டும். ஆகவே, அந்த இடத்தின்மீது எனக்குள்ள பற்று விளையாட்டைப் பற்றியது மட்டுமன்று.

இந்த ஆட்டத்தை அறியாத நண்பர்களுக்குச் சற்று விளக்கம். பேஸ்பாலிலும் சாஃப்ட்பாலிலும் தடுப்பாட்டத்தில் ஒன்பது பேர் நிற்பர். நான்கு தளங்கள் ஒரு சதுரத்தின் நான்கு மூலைகள். தளத்துக்குத் தளம் பேஸ்பாலில் 90 அடி, எங்கள் சாஃப்ட்பாலில் 60 அடி. இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நிற்பவர் ஷார்ட்ஸ்டாப். வலக்கை மட்டையாளர்கள் அதிகம். அவர்கள் இழுத்தடிக்கும் பந்து இந்தப் பக்கமே உருண்டு வரும். இங்கே நிற்பவருக்கு இருபுறமும் ஓடிப்பிடிக்கும் கால்கள் வேண்டும், தூரத்திலிருந்து முதல் தளத்துக்கு எறியும் கையும் வேண்டும். மூன்றாம் தளத்தில் ஓட்டம் குறைவு. ஆனால், மட்டைக்கு அருகில் நிற்பதால் யோசிக்க நேரமிருக்காது.

பேஸ்பால் கணக்குகளை ஆராய்ந்த பில் ஜேம்ஸ் இந்த இடங்களைக் கடினத்தின் வரிசையில் அடுக்கினார். எளிய முனையில் முதல் தளம். அதன்பின் இடது வெளிக்களம், வலது வெளிக்களம், மூன்றாம் தளம், நடு வெளிக்களம், இரண்டாம் தளம். கடின முனையில் ஷார்ட்ஸ்டாப். வயது ஏற ஏற விளையாட்டாளர்கள் எளிய முனையை நோக்கி நகர்வது வழக்கம், எதிர்த்திசையில் போவோர் அரிது. இளம் விளையாட்டாளர் ஒருவர் கடினமான இடத்துக்குத் தகுதியோடு வரும்போது மூத்தவரை நகர்த்தும் எண்ணம் பிறப்பது இதனால்தான்.

நான் நீண்ட நேரம் படித்தது மைக்கேல் யங்கின் கதையை. டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியில் இரண்டாம் தளத்தில் நின்றவர் அவர். 2004-இல் ஷார்ட்ஸ்டாப் அலெக்ஸ் ரோட்ரிகஸை நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்து, இரண்டாம் தளத்தவரான அல்போன்சோ சொரியானோவை அணி வாங்கியது. யங் தாமாகவே முன்வந்து ஷார்ட்ஸ்டாப்புக்கு மாறினார். 2008-இல் அந்த இடத்துக்கான தங்கக் கையுறை விருதும் பெற்றார். விருது கிடைத்த அதே குளிர்காலத்தில்தான் நிர்வாகம் அவரை மூன்றாம் தளத்துக்குப் போகச் சொன்னது. காரணம், எல்விஸ் ஆண்ட்ரூஸ் என்ற 20 வயது வெனிசுவேலா இளைஞர். 2007-இல் அட்லாண்டாவிடமிருந்து மார்க் டெஷேராவுக்கு மாற்றாக வந்தவர்களில் ஒருவர். டபுள்-ஏ நிலைக்கு மேல் ஓர் ஆட்டம்கூட ஆடியிராதவர்.

யங் முதலில் மறுத்தார். தம்மை வேறு அணிக்கு மாற்றிவிடும்படி கேட்டார். பின்னர் மனம் மாறி ஒப்புக்கொண்டார். அந்த முதல் மறுப்பு இந்தக் கதையில் எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

இனி நிர்வாகத்தின் கணக்கைப் பார்ப்போம். "யங் நல்ல ஷார்ட்ஸ்டாப்பா, ஆண்ட்ரூஸ் நல்ல ஷார்ட்ஸ்டாப்பா?" என்பது தவறான கேள்வி. ஷார்ட்ஸ்டாப்பில் ஆண்ட்ரூஸும் மூன்றாம் தளத்தில் யங்கும் நின்றால் கிடைக்கும் மொத்தம், ஷார்ட்ஸ்டாப்பில் யங்கும் மூன்றாம் தளத்தில் வேறொருவரும் நின்றால் கிடைக்கும் மொத்தத்தைவிடப் பெரிதா என்பதே சரியான கேள்வி. இங்கு இன்னொரு நுட்பமும் உண்டு. ஷார்ட்ஸ்டாப்பில் நன்றாக அடிப்பவர்கள் குறைவு. ஆதலால் அங்கே நின்று நன்றாக அடிப்பவரின் மதிப்பு கூடும். அதே மட்டை முதல் தளத்துக்குப் போனால் சராசரியாகிவிடலாம். யங்குக்கு அந்த அச்சமில்லை. அவர் மட்டை எங்கும் செல்லுபடியாகும்.

2009-இல் யங் .322 சராசரியில் அடித்து 22 ஹோம்ரன்கள் எடுத்தார். ஆண்ட்ரூஸ் 33 தளங்களைத் திருடி, அமெரிக்க லீக்கின் சிறந்த புதுமுக விருதுக்கான வாக்கெடுப்பில் இரண்டாமிடம் பெற்றார். முந்தைய ஆண்டில் 79 ஆட்டங்களை வென்ற அணி 87 வென்றது. 2010, 2011 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலகத் தொடர் வரை சென்றது. ஆண்ட்ரூஸ் தனியாகக் கற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஷார்ட்ஸ்டாப்பில் 11 தங்கக் கையுறைகள் பெற்ற 41 வயது ஒமார் விஸ்கேலை அதே பருவத்துக்கு அணி சேர்த்துக்கொண்டது. நம்மில் பலர் மறந்துவிடும் பகுதி இது: புதியவருக்கு இடத்தை மட்டும் கொடுத்தால் போதாது, பக்கத்தில் ஆளும் வேண்டும்.

இதே அணி நான்கு ஆண்டுகள் கழித்து அதே கேள்வியைச் சந்தித்து வேறு விடை கண்டது. 2013 தொடக்கத்தில் பேஸ்பால் அமெரிக்கா இதழின் பட்டியலில் முதலிடம் பெற்ற இளைஞர், குராசாவைச் சேர்ந்த ஜூரிக்சன் புரோஃபார். ஷார்ட்ஸ்டாப்பில் நின்றவரோ, நீண்ட ஒப்பந்தம் பெற்றுவிட்ட ஆண்ட்ரூஸ்! யாருக்காக ஒருவர் நகர்ந்தாரோ, அவரே இப்போது வழியை அடைத்து நின்றார். இரண்டாம் தளத்தில் இயன் கின்ஸ்லர். அவரை முதல் தளத்துக்கு மாற்றலாம் என்ற பேச்சு நடந்தது, மாற்றம் நடக்கவில்லை. புரோஃபார் அந்த ஆண்டு இங்கொரு நாள் அங்கொரு நாள் என்று பல இடங்களில் நின்று 85 ஆட்டங்கள் ஆடினார். நவம்பரில் கின்ஸ்லரையே டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து பிரின்ஸ் ஃபீல்டரை வாங்கினர். இடம் காலியானது. ஆனால் தோள் காயத்தால் புரோஃபார் 2014, 2015 இரு ஆண்டுகளும் மேஜர் லீக்கில் ஆடவேயில்லை. ஃபீல்டரும் கழுத்துக் காயத்தால் 2014-இல் 42 ஆட்டங்களே ஆடினார். கின்ஸ்லர் 2016-இல் டெட்ராய்ட்டில் தங்கக் கையுறை வாங்கினார். காயத்தை யாரும் முன்னறிய முடியாதுதான். எனினும், நகரச் சொல்வதும் அனுப்பிவிடுவதும் ஒன்றல்ல. நகர்ந்தவர் தேவைப்பட்டால் திரும்பலாம்.

மூத்தவரே நகர வேண்டும் என்பதும் இல்லை. பாஸ்டனில் இரண்டாம் தளத்தில் டஸ்டின் பெட்ரோயா 2021 வரை ஒப்பந்தத்தோடு நின்றதால், மைனர் லீக்கில் இரண்டாம் தளத்தவராக இருந்த மூக்கி பெட்ஸை 2014-இல் வெளிக்களத்துக்கு மாற்றினர். 2018-இல் அவர் அமெரிக்க லீக்கின் மிக மதிப்புமிக்க விளையாட்டாளர். அதே பெட்ஸ் 2025-இல், 32 வயதில், டாட்ஜர்ஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப்! பில் ஜேம்ஸின் வரிசைக்கு நேரெதிர்த் திசை. இதைப் படித்தபோது, புதியவளை வெளிக்களத்துக்கு அனுப்பிவிடலாமே என்ற ஆசை எனக்கு ஓர் இரவு முழுதும் இருந்தது.

மறுநாள் பயிற்சியில் அவளைக் கவனித்தேன். இரண்டாம் தளத்தின் பின்னால் போகும் பந்து, நான் கையை மட்டும் நீட்டி விட்டுவிடுவது, அவள் எட்டிப் பிடித்து, திரும்பாமலே எறிந்தாள். எங்கள் மூன்றாம் தளத்துக்காரி பட்டம் பெற்றுப் போய்விட்டாள். அங்கே நிற்க வேறு ஆளில்லை. மொத்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தாள்கூடத் தேவைப்படவில்லை.

பயிற்றுநரிடம் இரண்டு நிபந்தனைகள் சொன்னேன். போட்டிக்கு ஆறு வாரம் முன்பே மாற்றத்தைத் தொடங்க வேண்டும், நடுவில் அங்குமிங்கும் மாற்றக்கூடாது. அவளிடம் செய்தியை நானே சொல்வேன். சொன்னபோது அவள், "காக், நான் வெளிக்களத்திலும் நிற்பேன்" என்றாள். வேண்டாம் என்றேன்.

சனிக்கிழமை காலை மூன்றாம் தளத்தில் நின்றேன். முதல் பந்து நேராக நெஞ்செலும்பில் பட்டது. இரண்டாவது பந்து எனக்கும் அவளுக்கும் நடுவே வந்தது. பழக்கத்தில் "என் பந்து!" என்று கத்திவிட்டேன். அவளும் அதே நேரத்தில் கத்தினாள். இருவருமே நின்றுவிட்டோம், பந்து இடது வெளிக்களம்வரை உருண்டு போனது. இப்போது அதற்கென்று ஒரு விதி வைத்திருக்கிறோம்: நடுவில் வந்தால் கத்த வேண்டியவள் அவள்.