ஹீமோகுளோபின் சொல்லாத கணக்கு

பரிசோதனைச் சீட்டில் ஹீமோகுளோபின் 12.5 என்று இருந்தால், "ரத்தம் நல்லா இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஆனால் 12.5 உள்ள பெண்ணின் உடலில் இரும்புச்சத்தின் கையிருப்பு அடியோடு தீர்ந்திருக்கவும் கூடும்.

வளர்ந்தவர் உடலில் மொத்தமே மூன்று, நான்கு கிராம் இரும்புதான். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில் இருக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் பத்தாயத்து நெல்லைப் போலச் சேமிப்பாகக் கிடக்கிறது. உணவில் வரவு குறைந்தாலும், மாதவிடாயில் ரத்தம் அதிகம் போனாலும் உடல் முதலில் இந்தச் சேமிப்பில்தான் கைவைக்கும். அது வற்றிய பிறகே ஹீமோகுளோபின் சரியத் தொடங்கும்.

சேமிப்பை நேரடியாகப் பார்க்க, மஜ்ஜையை ஊசியால் எடுத்து, இரும்பு பட்டால் நீலமாகும் சாயத்தில் சோதிக்க வேண்டும். வலி மிகுந்த வேலை அது. நல்லவேளையாக, இரும்பைப் பொதிந்து வைக்கும் ஃபெரிட்டின் என்ற புரதம் சிறிதளவு ரத்தத்திலும் கசிகிறது. ஆரோக்கியமான பெரியவருக்கு அது லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

'ஆரோக்கியமான' என்ற சொல் இங்கே முக்கியம். காய்ச்சலோ கிருமித்தொற்றோ வீக்கமோ இருந்தால், சேமிப்பு காலியாக இருந்தாலும் ஃபெரிட்டின் ஏறிவிடும். அதனால் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. சோதனையையும் உடன் செய்து பார்ப்பது நல்லது. தொற்றோ அழற்சியோ உள்ள பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனமே வரம்பை 70 ஆக உயர்த்தி வைத்திருக்கிறது. காய்ச்சலோடு போய்ச் சோதித்து வந்த நல்ல எண்ணை நம்பக் கூடாது.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாகக் கண்டது. அது ஹீமோகுளோபினை அளந்து போட்ட கணக்கு. ரத்தசோகை வராமல், சேமிப்பு மட்டும் தீர்ந்தவர்கள் அதில் வரமாட்டார்கள். ஏற்கெனவே இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டதும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சேமிப்பு நிரம்ப, அதன் பிறகும் மூன்று மாதமாவது மருத்துவர் சொன்னபடி தொடர வேண்டும்.