துயிலாத மலையிரவு

பனிமலை ஒன்றின் உச்சியருகே, ஒதுங்கக் கூரையேதுமின்றி ஓர் இரவைக் கழிக்க நேர்ந்தால் என்ன செய்வீர்கள்?

1889ஆம் ஆண்டு யூலை மாத இரவொன்றில் அந்நிலைக்கு உள்ளானவர் அக்கில்லே ராத்தி. மிலான் நகரின் அம்புரோசிய நூலகத்தில் பணியாற்றிய 32 வயதுக் குருவானவர். 1922இல் பாப்பரசர் 11ஆம் பத்திநாதராகத் தெரிவானவரும் அவரே.

அல்ப்ஸ் மலைத்தொடரிலுள்ள மொன்றே ரோசாவின் அபாயம் மிக்க கிழக்கு முகப்பில் அவர் நாள் முழுவதும் ஏறினார். உடன் மற்றொரு குருவானவரும் இரு வழிகாட்டிகளும் இருந்தனர். ஏறத்தாழ 4,600 மீற்றர் உயரத்தில் அவர்களை இருள் சூழ்ந்தது. நிற்பதற்கு ஒடுங்கிய பாறைவிளிம்பு, கீழே பாதாளம். கொண்டுசென்ற கோப்பியும் உறைந்துபோயிற்று. இருளில் இறங்க முற்பட்டால் வீழ்ச்சி. அக்குளிரில் கண்ணயர்ந்தால் மரணம். ஆகவே கால்களைத் தட்டித் தட்டி, விடியும்வரை நால்வரும் விழித்திருந்தனர். பொழுது புலர்ந்த பின்னரே பயணத்தைத் தொடர்ந்தனர், உயிருடன் மீண்டனர்.

பாப்பரசரான பின், 1923இல், அல்ப்ஸ் கணவாயில் வழிப்போக்கருக்கு விடுதி அமைத்த புனித பேர்னாட்டை மலையேறுவோரின் பாதுகாவலராக அவர் அறிவித்தார்.

நம் வாழ்விலும் இத்தகைய இரவுகள் உண்டு. நோயோ, கடனோ, பிரிவோ நம்மைச் சூழ்கையில் அவசரமாக எடுக்கும் முடிவு இருளில் இறங்குவதற்கு ஒப்பானது. விடியும்வரை நிற்பதற்கு உடன் விழித்திருக்கும் ஒருவர் வேண்டும். ஒலிவ மலையில் நம் ஆண்டவர் தம் சீடரிடம் கேட்டதும் அதையே, அவர்களோ உறங்கிவிட்டனர்.

இன்றிரவு உங்கள் இல்லத்தில் தனியே விழித்திருப்பவர் யார்? அவரருகே சென்று சற்று அமருங்கள்.